சுருட்டாத புறாக்கள்

ஓல்ஷானி, 8 அக்டோபர் 1950, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சி சலோமியாவுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள். எழுத்துகள் சந்தைக்குப் போகும் ஆடுகள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. சில கோட்டுக்கு மேலே ஏறிவிட்டன, சில பள்ளத்தில் இறங்கிவிட்டன. இதுவரை எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் இரண்டு தடவை விறகு வைத்தேன். ஆனால் இது என் கை. உன் அண்ணன் வாலென்டி தன் கையால் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மே மாதம் சேர்ந்தேன். போன வாரம் பரீட்சை. மாவட்டத்திலிருந்து மூன்று பேர் வந்து மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் கண்ணாடிக்காரர், "பெரியவரே, உங்க பேரை எழுதுங்க" என்றார். "பேர் மட்டும் போதுமா, ஊரும் வேணுமா?" என்று கேட்டேன். எங்கள் டீச்சர் யானினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேர், ஊர், பசுவின் பேர் மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். இனிமேல் கையெழுத்துக்குப் பதிலாக மூன்று சிலுவை போடுவதில்லை என்று அந்த மேஜை முன்னால் எல்லோரும் சத்தியம் செய்தோம். முதல் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றாள் டீச்சர். நான் உனக்கு எழுதுகிறேன்.

ஒரு துக்கச் செய்தி. பிப்ரவரியில் உன் அண்ணி தெக்லா போய்விட்டாள். நெஞ்சில் சளி கட்டி, ஆறு வாரம் படுக்கையில் கிடந்தாள். இத்தனை வருடம் உன் கடிதங்களை எனக்கு வாசித்தவளும், நான் சொல்லச் சொல்ல உனக்கு எழுதியவளும் அவள்தான். அவள் போனதைச் சொல்ல இன்னொருவர் கையைக் கடன் வாங்க எனக்கு மனம் வரவில்லை. நானே கற்றுக்கொண்டு எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

இப்போது நன்றி. ஜனவரியில் நீ எழுதியிருந்த சமையல் குறிப்புதான் என்னை உயிரோடு வைத்திருக்கிறது. தெக்லா படுக்கையிலிருந்தே வாசித்துக் காட்டினாள். "அண்ணா, கோவோம்ப்கி செய்ய அம்மா மாதிரி இலையைச் சுருட்டிக்கொண்டு உட்காராதே. புளித்த முட்டைக்கோஸ் இலையை அலசு, கிழி. பானை அடியில் இலை, அதன் மேல் குருணையும் காளானும் வெங்காயமும், மறுபடியும் இலை. நான்கு அடுக்கு. மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் ஆற்றுக்கல். வெந்ததும் கரண்டியால் வெட்டி எடு" என்று எழுதியிருந்தாய். முதல் தடவை குருணையை வேகவைக்காமல் போட்டுவிட்டேன். அது ஊதிப் பெருத்து, கல்லோடு சேர்த்துத் தட்டையும் தூக்கிவிட்டது. கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். இப்போது நன்றாக வருகிறது. அம்மா அவற்றைப் "புறாக்கள்" என்பாளே, இவை சுருட்டாத புறாக்கள். ருசி அதேதான்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அதை நேரில் பேசலாம்.

விகிலியாவுக்கு வந்துவிடு. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. நம் வீட்டில் மிஞ்சியிருப்பது நீயும் நானும்தான்.

உன் அண்ணன்
வாலென்டி குர்தெக்


லெக்னித்ஸா அருகே, 19 அக்டோபர் 1950

தெக்லாவுக்கு,

நீ எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியும். செத்துப்போனதாக எழுதினால் நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தாயா?

நாலு விஷயம் சொல்கிறேன். பதில் இருந்தால் சொல்.

என் அண்ணனுக்கு எழுதத் தெரியாது. ஏழு வயதில் பண்ணையார் மாட்டுக்குப் பின்னால் அனுப்பப்பட்டவன், அறுபத்தாறு வயதில் பள்ளிக்கூடம் போனானாம்.

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு ரொசாலியாவிடம் காட்டினேன். அவள் பழைய தபாலாபீஸ்காரி, லட்சம் கையெழுத்து பார்த்தவள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எழுதத் தெரியாதவன் எழுத்து இல்லடி. இடது கையால எழுதினது. தன் கை தெரியக் கூடாதுன்னு எவளோ இடது கையால எழுதியிருக்கா" என்றாள்.

நான் எந்தச் சமையல் குறிப்பும் எழுதவில்லை. ஜனவரியில் ஒரு கடிதமும் எழுதவில்லை. போன வருடம் மார்ச்சுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் பேனாவையே எடுக்கவில்லை. அது ஏன் என்று உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் வந்த கடிதங்களில் அண்ணன் போடும் மூன்று சிலுவைகளில் நடுவில் இருப்பது எப்போதும் குடிகாரன் மாதிரி வலது பக்கம் சாயும். 1948 இலையுதிர் காலத்திலிருந்து மூன்றும் சிப்பாய்கள் மாதிரி விறைப்பாக நிற்கின்றன. அவனுக்குத் தெரியாமல் நீயே எழுதி நீயே சிலுவை போட ஆரம்பித்துவிட்டாய். அதனால்தான் நிறுத்தினேன்.

கடைசியாக அந்தச் சமையல். என் அம்மா ஒரு விகிலியாவுக்கு நாற்பது புறாக்கள் சுருட்டுவாள், ஒன்று அவிழ்ந்ததில்லை. இலையைக் கிழித்துப் பானையில் கொட்டச் சொல்லி நான் எழுதினேனாம். அது புறா இல்லை, வண்டி ஏறிச் செத்த புறா. என் பெயரைப் போட்டு இதைப் பரப்புகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை?

"இன்னொரு வரி" என்றாயே, அது என்ன வரி? எழுதாத கடிதத்தில் என் பெயரில் எதைச் சொன்னாய்?

அண்ணன் உயிரோடு இருந்தால், இலை கிழிந்தால் அம்மா என்ன செய்வாள் என்று அவனிடம் கேட்டு எழுது. கீழே அவன் சிலுவைகள் மூன்றும் வேண்டும். நடுச் சிலுவையைப் பார்க்காமல் ஒரு வார்த்தையும் நம்பமாட்டேன்.

சலோமியா


ஓல்ஷானி, 29 அக்டோபர் 1950, ஞாயிறு

தங்கச்சி,

உன் கடிதத்தை நானே படித்தேன். வேலியோரம் நின்று படிக்க ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் பசு இரண்டு முட்டைக்கோஸைத் தின்றுவிட்டது. திட்டாக இருந்தாலும், எனக்கு வந்த திட்டை நானே படித்தேனே. கோபம் பாதி, சந்தோஷம் பாதி.

தெக்லா கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். என் எழுத்தைப் பார்த்து அவள் என்று நினைத்தாயே, அவள் கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பாள்.

இலை கிழிந்தால் அம்மா பக்கத்தில் இருப்பவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, கிழிந்த இலையை அவன் வாயில் திணிப்பாள். பக்கத்தில் இருப்பவன் எப்போதும் நான்தான், வேண்டுமென்றே போய் உட்காருவேன். போதுமா?

சிலுவை போடமாட்டேன். சத்தியம் செய்திருக்கிறேன். பெயர் எழுதத் தெரிந்தவன் சிலுவை போடுவது கால் இருப்பவன் தவழ்வது போல.

இனி என் சந்தேகம். நீ எழுதவில்லை என்கிறாய். என் காதால் கேட்டேனே. வயதானதில் நீ மறந்துவிட்டாய் என்று நினைத்து, உன் கடிதத்தை எடுத்து உன் முகத்துக்கு நேராக நீட்டலாம் என்று தெக்லாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அதை நான் அதுவரை திறந்ததில்லை. திறந்து என்ன பிரயோசனம்? இப்போது பிரயோசனம் உண்டு.

உன் உறைகள் ஏழு இருந்தன, ஏழிலும் கடிதம். கடைசியில் உள்ளது 1949 மார்ச். அதைப் படிக்க ஒரு நாள் முழுக்க ஆயிற்று. "இனி என் அண்ணன் பெயரில் எழுதாதே, தெக்லா. சிலுவைகள் பொய் சொல்கின்றன" என்று இருக்கிறது. இதே உறையிலிருந்து எடுத்து அவள் எனக்கு வாசித்தது வேறு. "அண்ணா, இங்கே பனி உருகிவிட்டது, ஆடு இரட்டைக் குட்டி போட்டது, உன் உடம்பு எப்படி இருக்கிறது?" நான் அந்தக் குட்டிகளுக்குப் பெயர்கூட வைத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு தடவை உன் கடிதம் வந்தது என்று வாசித்தாள். அறுவடையின்போது, புனிதர் நாளுக்கு, புது வருடத்துக்கு, கடைசியாகப் படுக்கையில். பெட்டியில் அந்த நான்கும் இல்லை. வேறு தாள்கள் இருந்தன. ஒரு காலண்டர் பக்கம், உருளைக்கிழங்கு விதை விலைப் பட்டியல், கோயில் பணிக்கு ஆள் கேட்டு வந்த சீட்டு. கடைசித் தாளில் என் கை பட்ட எண்ணெய்க் கறை இருந்தது. முதல் தடவை சமைத்த அன்று நான் பானையருகே நின்று, "அதைக் கொஞ்சம் காட்டு, எத்தனை அடுக்கு?" என்று கல்லைப் பிடித்த கையாலேயே தொட்டேன். அந்தத் தாளைத்தான் அவள் வாசித்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி பற்றிய நோட்டீஸ்.

நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று டீச்சர் யானினாவிடம் கொண்டு போனேன்.

"டீச்சர், இதுல என் தங்கச்சி எங்கயாவது இருக்காளா பாருங்க."

"பன்னிதான் இருக்கு, தாத்தா."

"கீழே? அந்தச் சின்ன எழுத்துல?"

"அங்கே இருக்கறது அச்சகத்தோட பேரு."

மூன்று தடவை படித்துவிட்டேன், சலோமியா. பன்றிக்கு இரண்டு மாதத்தில் ஊசி போட வேண்டும் என்பது இப்போது மனப்பாடம்.

ஆக, நீ எழுதவில்லை. அவள் எழுதாததை வாசித்தாள். நாற்பத்தொரு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவள் வேறு எதை எதையெல்லாம் எனக்கு இப்படி வாசித்தாள்? பாதிரியார் அனுப்பிய சீட்டு, செய்தித்தாள், என் அம்மா கல்லறையில் பொறித்திருப்பது? நேற்று கல்லறைக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருக்கிறது.

விகிலியாவுக்கு வருகிறாயா இல்லையா?

வாலென்டி குர்தெக்


லெக்னித்ஸா அருகே, 9 நவம்பர் 1950

இதை எழுதுபவருக்கு,

யாரென்று தெரியாமல் பெயர் போட முடியவில்லை.

கிழிந்த இலை விஷயம் சரி. ஆனால் அந்தக் கதையை அண்ணன் தெக்லாவிடம் நூறு தடவை சொல்லியிருப்பான். பன்றி நோட்டீஸ் படித்து ரொசாலியா சிரித்தாள். "இவ்வளவு நல்லாப் பொய் சொல்ல ஒரு பொம்பளைதான் வேணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆட்டுக்குட்டிகள் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

தெக்லா உண்மையிலேயே இறந்துவிட்டாள் என்றால், அவளுக்காக ஒரு பூசை வைக்கச் சொல்லுவேன். ஆனால் அவள் என் பெயரில் பேசியதை மன்னிக்கமாட்டேன். 1946ல் நான் மேற்கே குடியேறப் புறப்பட்ட காலையில், ஊர் பார்க்க, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் என்ன கத்தினாள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "குடும்பப் பானையைத் திருடிக்கிட்டுப் போறா பாருங்க" என்றாள். நான் என் அண்ணனைப் பார்த்தேன். அவன் குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு மூன்று வருடம் கடிதம் வந்தது, பசு, மழை, உருளைக்கிழங்கு எல்லாம் இருந்தது. பானையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அந்தச் சொல்லுக்காகத்தான் ஒவ்வொரு உறையையும் பிரித்தேன்.

இப்போது கடைசியாகக் கேட்கிறேன். அந்தப் பானையைப் பற்றி எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் ஒன்று தெரியும். தெக்லாவுக்குத் தெரியாது. எழுதுவது வாலென்டிதான் என்றால் அதை எழுதட்டும்.

அப்படியே, பத்து விரலும் உள்ள ஒரு ஆம்பிளை நாலு இலையைச் சுருட்ட முடியாமல் ஏன் பானையில் கொட்டுகிறான் என்றும் சொல்லட்டும்.

சிலுவைகளும் வேண்டும். டீச்சருக்குச் செய்த சத்தியம் பெரிதா, தங்கச்சி பெரிதா?

சலோமியா


ஓல்ஷானி, 19 நவம்பர் 1950, ஞாயிறு

தங்கச்சி சலோமியாவுக்கு,

இந்தக் கடிதம் நான்கு நாளாக எழுதுகிறேன். புதன்கிழமை ஆரம்பித்தேன்.

பத்து விரல் இல்லை. ஏழுதான் இருக்கிறது. 1948 அறுவடை முடிந்த கையோடு வைக்கோல் வெட்டும் இயந்திரம் வலது கையில் பெருவிரலையும் அடுத்த இரண்டையும் கொண்டுபோய்விட்டது. உனக்கு எழுத வேண்டாம் என்று தெக்லாவிடம் நான்தான் சொன்னேன். பானை விஷயத்தில் தலைகுனிந்தவன், கையையும் காட்டிப் பரிதாபம் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அன்றிலிருந்து சிலுவை போட்டது இடது கை. எழுதப் பழகியதும் இடது கைதான். உன் ரொசாலியா கெட்டிக்காரி. இடது கை என்று சரியாகச் சொன்னாள், யாருடையது என்பதில்தான் வழுக்கிவிட்டாள். தெக்லா ஒரு சிலுவையும் போடவில்லை. நீ நம்பாத சிப்பாய்கள் மூன்று பேரும் நான்தான்.

ஏழு விரலால் இலையைச் சுருட்ட முடியாது. முயன்று பார்த்தேன். ஒரு பக்கம் மடித்தால் மறு பக்கம் குருணை மடியில் கொட்டுகிறது. தெக்லா இருந்தவரை அவள் சுருட்டினாள். படுத்த பிறகு, ஒரு நாள் நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சுருட்டிப் பார்ப்பதைக் கண்டுவிட்டாள். "அதை விடு, வாலென்டி. அடுக்கி வை, அதுவும் வேகும்" என்றாள். "எங்க வீட்ல யாரும் அப்படிச் செய்யமாட்டாங்க" என்று சொல்லி இலையை அடுப்பில் எறிந்தேன். நான்கு நாள் கழித்துத்தான் உன் கடிதம் வந்திருக்கிறது என்றாள். நீ சொன்னதென்றால் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

இனி பானை.

புறப்பட்ட அன்று விடிந்ததும், நீ தொழுவத்தில் இருந்தாய். வார்ப்பிரும்புப் பானையை அடுப்பிலிருந்து இறக்கியது நான். புது ஊரில் உனக்கு அம்மாவின் ஏதாவது ஒன்று வேண்டும் என்று தோன்றியது. தெக்லாவிடம் கேட்டால் தரமாட்டாள், அவள் ஒவ்வொரு நாளும் அதில்தான் சமைத்தாள். ஆணியில் தொங்கிய ஏதோ துணியை இழுத்துப் பானையைச் சுற்றி, உன் வண்டியில் வைக்கோலுக்குள் தள்ளினேன். அதற்குள் நீ திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தாய். நான் வாயில் விரல் வைத்தேன். அப்போது எனக்கு அந்த விரல் இருந்தது.

அதன் பிறகு தெக்லா கத்தினாள். நான் குதிரையின் காதைப் பார்த்தேன். அது இடது காது, நுனியில் ஒரு வெட்டு இருக்கும். அதை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

மூன்று வருடம் கடிதத்தில் ஏன் சொல்லவில்லை என்கிறாய். எப்படிச் சொல்வேன்? என் வாயிலிருந்து உன்னிடம் போகும் ஒவ்வொரு சொல்லும் தெக்லாவின் கை வழியாகத்தான் போயிற்று. "தங்கச்சி, பானையைக் கொடுத்தது நான்தான், உன் அண்ணி உன்னைத் திருடி என்றபோது நான் வாய் மூடி நின்றேன்" என்று அவளிடமே சொல்லி, அவளையே எழுதச் சொல்வதா? பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததே இந்த ஒரு வரியை எழுதத்தான். டீச்சரிடம் செய்தித்தாள் படிக்க ஆசை என்று சொல்லிவைத்தேன்.

நீ கேட்ட அந்த "இன்னொரு வரி"யையும் சொல்லிவிடுகிறேன். சமையல் குறிப்பு முடிந்ததும் தெக்லா இப்படி வாசித்தாள்: "அம்மாவின் பானை இல்லையே என்று பார்க்காதே, அதை நீதான் என் வண்டியில் வைத்தாய். எந்தப் பானையிலும் வேகும்." சலோமியா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாளே, அதுவும் தெக்லா வாயாலேயே என்று அடுப்பைப் பார்த்து நின்றேன். அவளோ ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. தாளை மடித்து, "குருணையை முதல்ல வேகவைக்கணும், மறந்துடாத" என்றாள். காய்ச்சலில் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உன் மேல் எட்டு மாதம் கோபமாக இருந்தேன். இனி வேண்டாம் என்றுதான் நேரில் பேசலாம் என்றேன்.

நீ அப்படி எழுதினாயா, இல்லையா? எழுதவில்லை என்கிறாய். அப்படியானால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சத்தியத்தை உடைத்து, கீழே மூன்று சிலுவை போட்டிருக்கிறேன். டீச்சரிடம் சொல்லிவிடாதே. நடுவில் உள்ளதைச் சாய்க்க எவ்வளவோ முயன்றேன். இடது கைக்குச் சாயத் தெரியவில்லை.

உன் அண்ணன்
வாலென்டி
+ + +


லெக்னித்ஸா அருகே, 10 டிசம்பர் 1950

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுதத் தெரிந்தும்.

உன் விரல்கள் போனதை ஒரு சமையல் குறிப்புக்கு நடுவில் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், வந்து பேசுகிறேன். உனக்கு அடி விழும்.

முதலில் கடித விஷயத்தை முடிப்போம். நான் ரொசாலியாவிடம் சொல்லாமல் தனியாக உட்கார்ந்து, தபாலாபீஸ்காரி மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த வரியை நான் எழுதவில்லை. நீ தெக்லாவிடம் சொல்லவில்லை. நாம் இருவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தோம். பன்றி நோட்டீஸிலும் அது இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

அவளுக்குத் தெரியும், அண்ணா.

காய்ச்சலில் ஊகித்தாள் என்று சொல்லாதே. நானும் முதலில் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். பிறகு அலமாரியைத் திறந்தேன். நீ "ஏதோ துணி" என்று எழுதியிருக்கிறாயே, அது இன்னும் என்னிடம் இருக்கிறது. பழுப்புத் தலைத்துணி, ஓரத்தில் பூப்போட்டது, ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை. அம்மாவுடையது என்று நான்கு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். அம்மா பழுப்பே கட்டியதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அது தெக்லா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டிக்கொண்டு வருவது. பானையும் தலைத்துணியும் ஒரே காலையில் காணாமல் போயிருக்கின்றன. திருடிக்கொண்டு போகிறவள் நான் என்றால், அவள் தலைத்துணியை எதற்கு எடுப்பேன்? அவள் இதை யோசிக்காத ஆளா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தலைத்துணியை அவள் உன்னிடம் எப்போதாவது கேட்டாளா?

போன வெள்ளிக்கிழமை, உன் சமையலைக் கேலி செய்ய வேண்டும் என்றே அம்மாவின் பானையில் செய்து பார்த்தேன். பாதியைச் சுருட்டினேன், பாதியை நீ சொன்னபடி அடுக்கினேன், நடுவில் ஒரு தட்டை வைத்துப் பிரித்தேன். ரொசாலியாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "இது புறா இல்லடி, புறாக்கூடு" என்றாள். பிறகு இரண்டாம் தடவையும் கூட்டிலிருந்துதான் போட்டுக்கொண்டாள். நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. நீயும் சொல்லாதே. அடுக்கியதில் காளான் சாறு நன்றாக இறங்குகிறது.

வெள்ளிக்கிழமை 22ஆம் தேதி மத்தியான ரயிலில் வருகிறேன். பானையைக் கொண்டுவருகிறேன். தலைத்துணியைத் துவைத்து, ஓட்டையைத் தைத்து வைத்திருக்கிறேன். அண்ணியின் பொருள், அது போக வேண்டிய இடம் எதுவென்று நீ சொல்.

உன் தங்கச்சி
சலோமியா


ஓல்ஷானி, 17 டிசம்பர் 1950, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

கேட்கவில்லை.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு வெளியே போய்ப் பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன்.

ஒரு ஊசி காணாமல் போனால் படுக்கையைப் பிரித்து வைக்கோலைச் சலிப்பவள் தெக்லா. நான்கு வருடம் வெறும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். ஒரு தடவையும் என் தலைத்துணி எங்கே என்று கேட்கவில்லை. நானும் இத்தனை நாள் அதை யோசிக்கவில்லை. அந்தக் காலையில் அவள் அப்படிக் கத்தியது உன்னைப் பார்த்தா, நான் வாயைத் திறக்கிறேனா பார்க்கலாம் என்று என்னைப் பார்த்தா? நான்கு வருடம் என் எதிரே பேனாவை வைத்துக்கொண்டு, "அப்புறம்? வேற ஏதாவது எழுதணுமா?" என்று கேட்பாள். ஒவ்வொரு கடிதத்துக்கும் கேட்பாள். நான், "வேற ஒண்ணும் இல்ல" என்பேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் மூடுவாள்.

ஒன்றரை மாதமாக அவளைச் சந்தேகப்பட்டேன். கல்லறைக் கல்லைக்கூடப் போய்ச் சரிபார்த்தேன். இப்போது பார்த்தால் அந்த வீட்டில் உண்மையை மறைத்தது ஒரே ஆள்தான், அவனுக்கு எழுதவும் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் நிற்கிறேன். பானையை நீயாக இறக்காதே, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். ஊர் பார்க்க நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். யாராவது கேட்டால் சொல்வதற்கும் வாய் இருக்கிறது. காளான் ஊறவைத்திருக்கிறேன். பீப்பாயில் இலை நன்றாகப் புளித்திருக்கிறது. நீ வேண்டுமானால் சுருட்டு, நான் அடுக்குவேன்.

வராத விருந்தாளிக்கு என்று வைக்கும் தட்டு இந்த வருடம் தெக்லா உட்காரும் பக்கம் இருக்கும். தலைத்துணியை அந்த நாற்காலியின் முதுகில் போடு.

அடுத்த ஞாயிறும் எழுதுவேன், விகிலியா அன்று காலையில். நீ எதிரே உட்கார்ந்திருப்பாய், ஆனாலும் எழுதுவேன். இந்தத் தடவை உனக்கு இல்லை, அவளுக்கு. மேஜைத் துணிக்குக் கீழே, விகிலியாவுக்குப் பரப்பும் வைக்கோலோடு வைத்திருப்பேன். சாப்பிட உட்காரும் முன் எடுத்து அந்தத் தட்டைப் பார்த்துச் சத்தமாக வாசி. எனக்குக் குரல் நிற்காது. எழுதியிருப்பதை மட்டும் வாசி.

உன் அண்ணன்
வாலென்டி